கம்ப்யூட்டர் வந்தாச்சு, கையெழுத்து குறையலையே!

சேதராப்பட்டு, சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பட்டதாரி, சான்றிதழுக்காக ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் சம்பளம் போச்சு!

புதுச்சேரி கல்லூரிகள் ஒரு காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1985-ல் புதுச்சேரிக்கே பல்கலைக்கழகம் கிடைத்தது. தூரம் குறைந்தது. மேஜைகள்?

பல்கலைக்கழகம் எதுவானாலும் மனு படியேறித்தான் ஆக வேண்டும். குமாஸ்தா, சூப்பிரண்டு, உதவிப் பதிவாளர், துணைப் பதிவாளர்... ஆளுக்கொரு கையெழுத்து!

2015-ல் 'டிஜிலாக்கர்' வந்தது. அதில் உள்ள பட்டத்தையும் மார்க் ஷீட்டையும் ஏற்கும்படி 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழு கேட்டுக்கொண்டது. ஆனாலும் 'ஒரிஜினல் எங்கே?' என்ற கேள்வி ஓயவில்லை.

பழைய படிகளை அப்படியே ஏற்றினால் கம்ப்யூட்டரும் இன்னொரு மேஜைதான். ஒரு கையெழுத்தை எடுத்துவிட்டு, நாளைக்குத் தணிக்கையில் மாட்டிக்கொண்டால்? அந்தப் பயம்தான் தடை. திருத்த வேண்டியது விதியை!