50 டாலர் விலை, 3,050 டாலர் வசூல்

ஆயிரம் டாலர் மடிக்கணினி ஒன்று 50 டாலருக்கு ஏலம் போனால் விற்றவருக்கு நட்டம் என்றுதான் நினைப்போம். ‘பென்னி ஏலம்’ நடத்தும் இணையதளங்களில் கணக்கே வேறு. அங்கே ஏலம் கேட்பதற்கே கட்டணம்.

ஜெர்மனியில் 2005இல் டெலிபிட் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஸ்வூப்போ என்று பெயர் மாற்றி அமெரிக்காவிலும் கடை விரித்த தளத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒருமுறை கேட்க 60 சென்ட் கட்டணம் இருந்தது. ஒரு சென்ட் வீதம் ஏறும் ஏலத்தில், விலை 50 டாலரைத் தொட 5,000 முறை கேட்டிருக்க வேண்டும். கட்டண வரவு மட்டும் 3,000 டாலர். வென்றவர் தரும் 50 டாலரையும் சேர்த்தால் 3,050. வென்றவர் 400 முறை பொத்தானை அமுக்கியிருந்தால் அவருக்கு ஆன செலவு 290 டாலர்தான், லாபம். மீதி 2,760 டாலரைக் கட்டியவர்கள் வெறுங்கையோடு போனவர்கள்.

கடைசி விநாடியில் கேட்டு வென்றுவிடலாம் என்ற உத்தி இங்கே எடுபடாது. ஒவ்வொருவர் கேட்கும்போதும் கடிகாரத்தில் சில விநாடிகள் கூடிவிடும். ‘மூணு தரம்’ என்று ஏலக்காரர் சொல்லப்போகும் நேரத்தில் யாராவது கை தூக்கிக்கொண்டே இருப்பது போலத்தான்.

பொருளின் மதிப்பைத் தாண்டியும் ஏன் பணம் கொட்டுகிறது? பெர்க்லியைச் சேர்ந்த பொருளியலாளர் நெட் ஆகன்பிளிக், ஸ்வூப்போவில் நடந்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டார். பொருளின் மதிப்பைப் போல் சராசரியாக ஒன்றரை மடங்கு தளத்துக்கு வசூலாகியிருந்தது. ஏற்கெனவே செலவழித்தது அதிகமாக ஆக, விலகுவது கடினமாகிறது என்பது அவர் தரும் விளக்கம். விட்டதைப் பிடிக்கும் ஆசைதான்.

நிதானமாகக் கணக்குப் போட்டால், வென்றால் 300 டாலர் மிச்சம் என்ற நிலையில் ஒரு 60 சென்ட் கட்டுபடியாக, நமக்குப் பின் யாரும் கேட்காமலிருக்கும் வாய்ப்பு ஐந்நூற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். இதுவரை போட்டது 6 டாலரா, 200 டாலரா என்பதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை. ஆனால் ஐந்நூற்றில் ஒன்று எளிதில் கிடைக்கும் வாய்ப்பாகத் தெரிவதால்தான் எல்லோரும் அமுக்குகிறார்கள். எல்லோரும் அமுக்குவதால் அந்த வாய்ப்பும் கரைந்துபோகிறது.

ஸ்வூப்போ 2011இல் மூடப்பட்டது. குவிபிட்ஸ், டீல்டேஷ் போன்றவை அதே பாணியில் களத்தில் இருந்தன. தோற்றவர் கட்டிய கட்டணத்தைக் கழித்துக்கொண்டு, குறித்த விலைக்கே பொருளைத் தரும் வசதியும் இத்தகைய தளங்களில் வந்தது. அந்த வசதி இருந்தால் நட்டத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆனால் அந்த விலையைக் குறிப்பது தளம்தான். எனவே முதலில் வெளிக்கடை விலையைப் பாருங்கள். ஏலமே இல்லாமல் தளத்தின் விலைக்கு அந்தப் பொருளை வாங்குவீர்களா? மாட்டீர்கள் என்றால் முதல் 60 சென்ட்டையே போடாதீர்கள்.