டோவர் பள்ளியில் டார்வின்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் டோவர் என்றொரு சிற்றூர். அங்குள்ள பள்ளி வாரியம் 2004 அக்டோபரில் ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குப் பரிணாமப் பாடம் நடத்துமுன் ஓர் அறிக்கையை வாசிக்க வேண்டும். டார்வினின் கொள்கை உறுதியான உண்மை அல்ல, அதில் விடுபட்ட இடங்கள் உண்டு, உயிர்களின் தோற்றத்துக்கு ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற வேறு விளக்கமும் இருக்கிறது, விரும்புவோர் அதுபற்றிய நூலைப் படிக்கலாம் என்றது அறிக்கை.

உயிரியல் ஆசிரியர்கள் வாசிக்க மறுத்தார்கள். 2005 ஜனவரியில் நிர்வாகிகளே வகுப்புக்கு வந்து வாசித்தார்கள். அதற்குள் பெற்றோர் 11 பேர் நீதிமன்றம் போயிருந்தார்கள்.

அறிவார்ந்த வடிவமைப்பின் வாதத்தைக் காது கொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். உயிரணுவுக்குள் இருக்கும் சில அமைப்புகள் மிகச் சிக்கலானவை. ஒரு பாகம் இல்லாவிட்டாலும் இயங்காதவை. அப்படிப்பட்டவை படிப்படியாக உருவாகியிருக்க முடியாது, யாரோ திட்டமிட்டு வடிவமைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். லீஹை பல்கலைக்கழக உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி 1996இல் வெளியிட்ட நூலில் எலிப்பொறியை உதாரணம் காட்டினார். பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும், மோட்டார் போலச் சுழலும் வால் அவருடைய முக்கியச் சான்று.

பிரவுன் பல்கலைக்கழக உயிரியலாளர் கென்னத் மில்லர் பெற்றோர் தரப்பில் சாட்சி சொன்னார். அந்த வாலின் புரதங்களில் பலவற்றை நீக்கினாலும் மிச்சமிருக்கும் பத்துப் புரதங்கள் வீணாவதில்லை. அவற்றை ஒத்த புரதங்களைக் கொண்டுதான் பிளேக் கிருமி தன் நச்சை மனித உயிரணுவுக்குள் செலுத்துகிறது. பாகம் குறைந்தால் பயனே இல்லை என்ற வாதம் அங்கேயே ஆட்டம் காண்கிறது.

மில்லர் சொன்ன இன்னொரு சான்று அதைவிட வலுவானது. சிம்பன்சி, கொரில்லா போன்ற வாலில்லாக் குரங்குகளுக்கு 24 ஜோடி குரோமோசோம்கள், மனிதருக்கு 23. அனைவருக்கும் மூதாதை ஒன்றென்றால் அந்த ஒரு ஜோடி எங்கே போயிற்று? இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகியிருக்க வேண்டும். அப்படியானால் வழக்கமாக நுனியில் மட்டும் இருக்கும் மரபுத்தொடர், ஏதோ ஒரு மனிதக் குரோமோசோமின் நடுவிலும் இருக்க வேண்டும். தேடினார்கள். இரண்டாவது குரோமோசோமில் அது இருந்தது. அது இல்லாமல் போயிருந்தால் பரிணாமக் கொள்கை பெரிய சிக்கலில் மாட்டியிருக்கும். தோற்பதற்கும் இடம் வைத்துக்கொண்டு பேசுவதுதான் அறிவியல்.

வடிவமைப்பாளர் கருத்தில் அந்த இடமே இல்லை. எது கிடைத்தாலும் ‘அப்படித்தான் வடிவமைத்தார்’ என்று சொல்லிவிடலாம். எந்தச் சோதனையாலும் அதைப் பொய்யாக்க முடியாது. நோய் எதிர்ப்பு அமைப்பின் பரிணாமத்துக்கு அறிவியலிடம் விடை இல்லை என்று எழுதியிருந்த, வாரியத் தரப்புச் சாட்சியான பீஹியின் முன்னால், குறுக்கு விசாரணையில் 58 ஆய்வுக் கட்டுரைகளும் பல நூல்களும் வைக்கப்பட்டன. அவை போதாது என்றார் அவர். அறிவியலுக்குத் தாம் தரும் விரிவான வரையறைக்குள் சோதிடமும் அடங்கும் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

மாணவர்களுக்குப் பரிந்துரைத்த நூலின் கதையும் வெளிவந்தது. பரிணாமத்தைக் கற்பித்தால் படைப்புவாதத்தையும் அறிவியலாகக் கற்பிக்கக் கட்டாயப்படுத்திய லூசியானா சட்டத்தை 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதையடுத்து நூலின் வரைவில் ஏறத்தாழ 150 இடங்களில் ‘படைப்பு’ போய் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வந்திருந்தது.

2005 டிசம்பர் 20 அன்று, அதிபர் புஷ் நியமித்த நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பில் வாரியத்தின் கொள்கையைத் தடை செய்தார். வடிவமைப்பாளர் கருத்து அறிவியல் ஆகாது, அது மதம் சார்ந்தது, அதைப் பள்ளியில் புகுத்துவது அரசியலமைப்புக்கு முரண் என்றார். வடிவமைப்பாளர் உண்டா இல்லையா என்று அவர் தீர்ப்பளிக்கவில்லை. அறிவியலின் எல்லையும் அதுவே. சோதிக்கக்கூடியதை மட்டும் அது கையில் எடுக்கும். கடவுளை நிரூபிக்கவோ மறுக்கவோ அதனிடம் கருவி இல்லை. மில்லரே பக்தியுள்ள கத்தோலிக்கர். ஆய்வுக்கூடத்தில் விடை தெரியாத இடத்தைக் கடவுளின் பெயரால் அடைப்பதைத்தான் அவர் எதிர்த்தார். அப்படி அடைத்துவிட்டால், அடுத்த மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்.

தீர்ப்புக்கு முந்தைய மாதமே, தேர்தலில் நின்ற பழைய வாரிய உறுப்பினர்கள் 8 பேரும் தோற்றிருந்தார்கள். புதிய வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. அதனால் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போகவில்லை. தீர்ப்பு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தவும் இல்லை. லூசியானா 2008இல் வேறொரு சட்டம் கொண்டுவந்தது. அதில் வடிவமைப்பு என்ற பேச்சே கிடையாது. பரிணாமம் போன்ற கொள்கைகளை விமர்சன நோக்கில் கற்பிக்க ஆசிரியர்கள் கூடுதல் பாடப்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று மட்டும் இருந்தது.