பழைய பேய்ப்படங்களும் அவற்றின் பிரதிகளும்

ஏட்டுச்சுவடியொன்றைப் பார்த்து மற்றோர் ஏட்டில் எழுதியவன் ஓர் எழுத்தைத் தவறவிட்டால், அவனுடைய ஏட்டைப் பார்த்து எழுதியவன் அத்தவற்றையும் சேர்த்தே எழுதினான்; தன்னுடைய தவறொன்றையும் அதனோடு கூட்டினான். இவ்வாறு பல கைகள் மாறிவந்த செய்யுளைப் படிப்பவன், பொருள் விளங்காதவிடத்துப் புலவனையே நொந்துகொள்வான். குற்றம் புலவனுடையதன்று, பிரதியினுடையது என்பதை ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த அறிஞர்கள் நமக்கு உணர்த்தினார்கள். திரைப்படத்துக்கும் இந்நிலை உண்டு என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும், பெருந்திரளானோர் அறியாத, சிறு கூட்டமொன்று மாத்திரம் உயிராய்ப் போற்றிவரும் பழைய பேய்ப்படங்களுக்கு நேர்ந்த கதி மிகவும் இரங்கத்தக்கது. அவற்றை வீட்டிலிருந்து பார்ப்பதற்கென வெளியிடப்பட்ட நாடாக்களும் இறுவட்டுக்களும் எத்தகையன, நல்ல பிரதியைத் தீய பிரதியிலிருந்து பிரித்தறிவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில், பிரதி உருவாகும் வழியைச் சிறிது நோக்குவோம். படம் பிடிக்கும் கருவியினுள் ஓடிய முதற் சுருளை நெகற்றிவ் என்பர். அதுவே மூலம். அதிலிருந்து வேறு சுருள்கள் எடுக்கப்பட்டு, அவற்றிலிருந்து கொட்டகைகளில் ஓடும் படிகள் ஆக்கப்படும். ஒவ்வொரு படியிலும் நுண்மை சிறிது குறையும்; கருமைக்கும் வெண்மைக்கும் இடைப்பட்ட சாயல்கள் சில மறையும். கொட்டகைகளில் ஓடித் தேய்ந்த ஒரு படியை எடுத்து, அதைக் காந்த நாடாவிற் பதிந்து, அந்நாடாவிலிருந்து இன்னொரு நாடா எடுத்தால் எஞ்சுவது என்ன? 1976 ஆம் ஆண்டில் ஜப்பானில் அறிமுகமான விஎச்எஸ் நாடா, நல்ல நிலையிலும் ஏறத்தாழ 240 கோடுகளின் நுண்மையையே தரவல்லது. மலிவு வெளியீட்டாளர் சிலர் நாடாவின் நீளத்தை மிச்சம்பிடிக்கும் பொருட்டு அதனை மிக மெதுவாக ஓடவிட்டுப் பதிந்தனர். அதனால் அந்நுண்மையும் போயிற்று. பின்னர் வந்த டிவிடி இறுவட்டு 480 அல்லது 576 வரிகளையும், 2006 இல் வந்த புளூ-ரே 1080 வரிகளையும் தந்தன. ஆயின், பாத்திரம் பெரிதானதனாற் பாலின் தரம் உயர்ந்துவிடாது. தேய்ந்த படியொன்றைப் புளூ-ரே இறுவட்டிற் பதிந்தால், தேய்வு முன்னையினும் தெளிவாகத் தெரியும், வேறொன்றும் இல்லை.

பேய்ப்படங்கள் ஏனைய படங்களிலும் அதிகமாக இவ்வாறு கெடுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அவை இருளை நம்பி எடுக்கப்பட்டவை. கதவின் மறைவில் நிற்பது நிழலா ஆளா என்று ஐயுறும் அந்த ஒரு கணமே அப்படத்தின் உயிர். சாயல்கள் மறைந்த பிரதியில் கதவும் இல்லை, நிழலும் இல்லை. கருமை ஒன்றே உண்டு. மற்றையது, அவற்றுட் பல சிறு முதலோடு, பெரிய நிறுவனங்களின் ஆதரவின்றி எடுக்கப்பட்டவை. உரியவர் பேணாத சொத்தை வழிப்போக்கர் எடுத்தாள்வது உலக வழக்கன்றோ? இதனை மூன்று படங்களின் வரலாற்றைக் கொண்டு விளக்குவேன்.

முதலாவது, ஜேர்மனியில் முர்னோ என்னும் நெறியாளர் எடுத்து 1922 ஆம் ஆண்டு வெளிவந்த ‘நொஸ்பெராத்து’ என்னும் மௌனப்படம். பிராம் ஸ்டோக்கர் 1897 இல் வெளியிட்ட ‘டிரக்குலா’ நாவலின் கதையை, உரிமை பெறாமலே, பாத்திரங்களின் பெயர்களை மாற்றி எடுத்திருந்தார்கள். நாவலாசிரியரின் விதவை புளோரன்ஸ் ஸ்டோக்கர் வழக்குத் தொடுத்தார். படத்தின் நெகற்றிவையும் படிகளையும் அழித்துவிட வேண்டும் என்று 1925 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் பிற நாடுகளுக்குச் சென்றிருந்த படிகள் சில தப்பிப் பிழைத்தன. இன்று நாம் காண்பதெல்லாம் அத்தப்பியோட்டத்தின் பயனே.

இப்படத்தை நான் முதன்முதல் ஒரு மலிவு நாடாவிற் பார்த்தேன். வெளியிட்டவர் பெயர் இங்கு வேண்டா. அதில், இரத்தங்குடிக்கும் ஓர்லொக் பிரபு தன் சவப்பெட்டியைக் கையில் இடுக்கிக்கொண்டு பட்டப்பகலில் நகரத்து வீதியிலே நடந்துசென்றார். இறுதியிலோ, காலை வெயில் பட்டதும் புகையாய் மறைந்தார். பகலெல்லாம் வெயிலில் உலாவியவர் காலை வெயிலுக்கு மாய்ந்தது எங்ஙனம் என்று நான் நகைத்தேன். அந்நகைப்பு அறியாமையின் விளைவு என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன்.

உண்மை யாதெனில், அக்காலத்துப் படச்சுருளின் ஒளியுணர்வு குறைவு. இரவிலே வீதியிற் படம் பிடிப்பது மிகக் கடினம். ஆதலின் இரவுக் காட்சிகளையும் பகலிலேயே எடுத்து, கொட்டகைக்குச் செல்லும் படிக்குச் சாயம் ஊட்டினார்கள். நீலச்சாயம் இரவைக் குறித்தது. மஞ்சள் சார்ந்த சாயம் பகலையும் விளக்கொளியையும் குறித்தது. இளஞ்சிவப்பு விடியலைக் குறித்தது. பார்வையாளரும் இவ்வழக்கை அறிந்திருந்தனர். பிற்காலத்தில் அப்படிகளைக் கறுப்பு வெள்ளைச் சுருளிற் பெயர்த்தபோது சாயம் ஒழிந்தது. சாயத்தோடு இரவும் ஒழிந்தது. கதையின் ஆணிவேரே இரவும் பகலும் என்னும் வேறுபாடுதான். நாவலில் டிரக்குலா பகலில் வலிமை குன்றினும் நடமாடவல்லவன். கதிரொளியால் மாயும் முடிவு முர்னோவின் படத்துக்கே உரியது. அம்முடிவைத்தான் மலிவுப் பிரதிகள் பொருளற்றதாக்கின.

வேகத்திலும் குற்றம் நேர்ந்தது. இப்படத்தை வினாடிக்கு ஏறத்தாழ 18 படச்சட்டங்கள் வீதம் ஓட்டுவதே பொருத்தம். பேசும் படத்துக்குரிய 24 சட்ட வேகத்தில் ஓட்டினால், 94 நிமிடப் படம் 70 நிமிடங்களில் முடிந்துவிடும். அச்சம் தரவேண்டிய நடை, கோமாளியின் ஓட்டமாகிவிடும். ஆங்கில நாடுகளில் உலவிய பல படிகளில், முர்னோ மாற்றிய பெயர்களை நீக்கி நாவலின் பெயர்களையே எழுத்து அட்டைகளிற் புகுத்தியும் இருந்தார்கள். ஏட்டுச்சுவடியில் இதனைப் பாடபேதம் என்போம்.

இக்குறைகளைத் தீர்த்தவர்கள் சுவடி ஆராய்ச்சியாளரைப் போன்றே உழைத்தார்கள். 2005, 2006 ஆம் ஆண்டுகளில், முர்னோவின் பெயர்தாங்கிய ஜேர்மனிய நிறுவகத்துக்காக லூசியானோ பெரியாத்துவா என்னும் அறிஞர் இப்படத்தைச் செப்பனிட்டார். பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில் இருந்த, 1922 ஆம் ஆண்டுச் சாயம் அழியாத படியொன்று அவருக்கு அடிப்படையாயிற்று. அதிற் குறைந்த காட்சிகள் வேறு படிகளிலிருந்து நிரப்பப்பட்டன. ஹான்ஸ் ஏர்ட்மன் இப்படத்துக்கென அமைத்த இசையும் மீண்டும் இசைக்கப்பட்டது. அப்பிரதியிற் பிரபு நீல இரவிலே நடக்கிறார். விடியலின் இளஞ்சிவப்பிலே மாய்கிறார். எவரும் நகைப்பதில்லை.

இரண்டாவது, அமெரிக்காவில் ஜோர்ஜ் ரொமேரோ எடுத்து 1968 இல் வெளிவந்த ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ என்னும் படம். பிற்ஸ்பேர்க் நகரத்து இளைஞர் சிலர் தம்முள் முதல் திரட்டி, ஏறத்தாழ ஒரு இலட்சத்துப் பதினாலாயிரம் டொலர் செலவில் இதனை எடுத்தனர். இதற்கு முதலில் வேறு பெயர் இட்டிருந்தார்கள். விநியோகித்தவர் பெயரை மாற்றியபோது, பழைய பெயர் அட்டையோடு அதிலிருந்த பதிப்புரிமை அறிவிப்பும் நீங்கிவிட்டது. புதிய அட்டையில் அதைச் சேர்க்க மறந்தார்கள். அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அறிவிப்பின்றி வெளியான படைப்பு எவருக்கும் உரியதன்று. அட்டையில் விடுபட்ட ஒரு வரியினால், எடுத்தவர்களின் உழைப்பு ஊர்ப்பொதுச் சொத்தாயிற்று.

விளைவு யாதாயிற்று? வீடியோ நாடா பரவிய காலத்தில், கையிற் கிடைத்த தேய்ந்த படியிலிருந்து எவரும் இதனை வெளியிடலாம் என்னும் நிலை வந்தது. எண்ணிறந்த வெளியீடுகள் வந்தன. முகங்கள் வெண்திட்டுக்களாகவும், இரவு கருங்குழியாகவும், பேச்சு இரைச்சலாகவும் இருந்தன. 1986 இல் நிறமூட்டிய பிரதியொன்றும் வந்தது. இளைஞர்கள் எடுத்த படம் ஆதலின் அவர்கள் படம்பிடித்த முறையே இவ்வளவு கரடுமுரடானது போலும் என்று பலர் நம்பினர். அதனையே ஒரு சிறப்பென மெச்சியவர்களும் உளர்!

மூல நெகற்றிவ் அழியாதிருந்ததே நற்பேறு. நியூயோர்க் நவீன கலைக் காட்சியகமும் ‘பிலிம் பவுண்டேசன்’ என்னும் அமைப்பும் அதிலிருந்தே படத்தைச் செப்பனிட்டன. ரொமேரோவும் அவருடைய பழைய தோழர்களும் அப்பணியை மேற்பார்த்தனர். 2016 நவம்பரில் அது திரையிடப்பட்டபோது, பழைய நாடாக்களில் மட்டுமே இதனைக் கண்டிருந்தோர், இத்துணை தெளிவான படமா இது என வியந்தனர். 2017 யூலையில் ரொமேரோ காலமானார். செப்பனிட்ட பிரதியின் இறுவட்டு 2018 பெப்ரவரியில் வெளிவந்தது. தம் படம் மீட்கப்பட்டதை அவர் கண்டார். அது வீடுகளுக்குச் சென்றதைக் காணவில்லை.

இப்பிரதியால் விளங்கும் நுட்பம் ஒன்றைக் கூறுவேன். இறுதியில் கதாநாயகன் தன்னைக் காக்க வந்தோராலேயே சுடப்பட்டு இறக்கிறான். அதன்பின் அவனுடைய உடலை இழுத்துச்செல்லும் காட்சி, செய்தித்தாளிற் காண்பதுபோன்ற பரும்புள்ளி நிழற்படங்களாகக் காட்டப்படுகிறது. அதுவரை தெளிவாக ஓடிய படம் திடீரென அசைவற்ற, கரடான செய்திப்படமாக மாறும்போது, நாம் பழகிய மனிதன் பெயரற்ற பிணமாகிவிடுகிறான். தொடக்கம் முதலே கரடாக இருந்த மலிவு நாடாக்களில் இம்மாற்றத்தின் வலிமை குன்றிப்போயிற்று.

மூன்றாவது, பிரித்தானியாவில் ரொபின் ஹார்டி எடுத்த ‘விக்கர் மான்’. 1973 இல் வெளியிடப்படுமுன், ஏறத்தாழ 100 நிமிடப் படம் 88 நிமிடமளவாகக் குறைக்கப்பட்டது. தீவிலே கழியும் இரு இரவுகள் ஓர் இரவாயின. வெட்டப்பட்ட பகுதிகளின் நெகற்றிவ் பின்னர் அகப்படவில்லை. பல ஆண்டுகளின் பின் நீண்ட வடிவத்தை இறுவட்டாக வெளியிட்டபோது, விடுபட்ட காட்சிகளைப் பழைய ஒளிபரப்பு நாடாவிலிருந்தே எடுக்க நேர்ந்தது. ஆகவே தெளிவான காட்சிகளினிடையே மங்கிய காட்சிகள் ஒட்டுத்துணிபோல் வந்து போயின. பின்னர், ஹாவாட் பல்கலைக்கழகத்துத் திரைப்படக் காப்பகத்தில் ஒரு சுருள் கண்டெடுக்கப்பட்டு, அதன் துணையோடு 2013 இல் இடைநிலையான வடிவமொன்று நெறியாளரின் ஒப்புதலோடு வெளிவந்தது. இங்கே மங்கிய ஒட்டைக் குறைகூறுதல் தகாது. அழிந்தது போக எஞ்சியதை நேர்மையோடு தருவதும் தொண்டே.

இனி, பிரதியொன்றை வாங்குமுன் அல்லது பார்த்து முடிவு கூறுமுன் நாம் எழுப்பவேண்டிய வினாக்கள் சில உள.

முதலாவது, அது எதிலிருந்து எடுக்கப்பட்டது? நெகற்றிவிலிருந்தா, கொட்டகைப் படியிலிருந்தா, பழைய நாடாவிலிருந்தா என்பதை நல்ல வெளியீட்டாளர் உறையிலேயே கூறுவர். ‘புதிதாகச் செப்பனிடப்பட்டது’ என்று மாத்திரம் எழுதி, மூலத்தைக் கூறாது விடுவதை ஐயத்தோடு நோக்குக.

இரண்டாவது, படத்தின் வடிவம் சரியானதா? அகலத்திரைப் படங்களைப் பழைய தொலைக்காட்சியின் சதுரம் போன்ற வடிவத்துக்குள் அடக்கும்பொருட்டு இருபுறமும் வெட்டினார்கள். மிக அகன்ற படங்களில் நூற்றுக்கு நாற்பது பங்குக்குமேல் இவ்வாறு இழக்கப்பட்டது. 1961 இல் வந்த ‘த இன்னசென்ற்ஸ்’ என்னும் படத்தில், ஒளிப்பதிவாளர் பிரெடி பிரான்சிஸ் திரையின் ஓரங்கள் இருண்டு தோன்றுமாறு வடிகண்ணாடிகளிற் சாயம் தீட்டிப் படம் பிடித்தார். அவ்விருண்ட ஓரங்களையே அஞ்சவேண்டிய படத்தில், ஓரங்களை வெட்டியெறிந்தால் மிஞ்சுவது யாது?

மூன்றாவது, ஓடும் நேரம் யாது? வெட்டுண்டதா என்பதை அது காட்டும். எனினும் ஒன்றை நினைவிற் கொள்க. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் வழங்கிய பால் என்னும் தொலைக்காட்சி முறையில், 24 சட்டப் படத்தை 25 சட்ட வேகத்தில் ஓட்டுவர். அதனால் 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். அது வெட்டன்று.

நான்காவது, படத்தின் துகள்கள் உளவா? படச்சுருளிற் காணும் நுண்துகள்களை அழுக்கென்று கருதி, கணினியால் துடைத்தெடுப்போர் உளர். அத்துகள்களால் ஆனதே படம். அவற்றைத் துடைத்தால் முகத்தின் சுருக்கமும் துணியின் இழையும் சேர்ந்தே போகும். மனிதர் மெழுகுப் பாவைகளாவர். கீறலை நீக்குதல் வேறு, தோலை உரித்தல் வேறு.

ஐந்தாவது, இருள் எங்ஙனம் இருக்கிறது? ஒரு படத்தை இறுவட்டில் அடக்கும்போதும், இக்காலத்தில் இணைய வழியே அனுப்பும்போதும், அதன் விவரங்களைச் சுருக்குவர். அளவுக்குமேற் சுருக்கினால், இருண்ட காட்சிகளே முதலிற் கெட்டுச் சதுரக் கட்டங்களாக உடையும். ஆகவே ஒரு பேய்ப்படத்தின் பிரதியைச் சோதிக்க விரும்புவோர், பகற்காட்சியை விடுத்து, மிக இருண்ட காட்சியையே பார்க்கவேண்டும்.

நேயர்களே, பேய்ப்படங்களைப் பேணுவதற்கு இத்துணை முயற்சி வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். ஒரு படைப்பை விரும்புவதும் வெறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அதைக் காணாமலே வெறுப்பது நீதியன்று. கெட்ட பிரதியைக் காண்பது படத்தைக் காண்பதாகாது. நீதிமன்றத் தீர்ப்புக்குத் தப்பிய ‘நொஸ்பெராத்து’வை, மலிவு நாடாவைப் பார்த்து நகைத்த என் போன்றோர் எத்தனை பேர் மனத்தளவில் எரித்தோமோ அறியேன். இனி ஒரு பழைய படத்தைப் பார்த்து, “இது நன்றாயில்லை” என்று சொல்ல நேரும்போது, நான் பார்த்தது எந்தப் பிரதி என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அதன் பின்னரும் உங்கள் தீர்ப்பு அதுவேயாயின், தாராளமாகச் சொல்லுங்கள்.