கூலி நோட்டில் எழுதிய ஏழு டீ

அறுந்த இழையை எடுத்து முடிபோட இரண்டு விரல் போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். அந்த இரண்டும்தான் ஒருநாள் காலையில் எனக்கு மடங்கவில்லை.

கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டுக்கு வந்த நாளிலிருந்து தறிதான் என் வீடு. கரையையும் உடலையும் கோர்த்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓடும். என் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்வார். நான் வலப்பக்கம் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவேன். அன்று நாடாவைப் பிடிக்கவே முடியவில்லை. வெந்நீரில் கை வைத்தேன், தைலம் தேய்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் விரல் அசைந்தது. மறுநாளும் அப்படியே. மூன்றே வாரத்தில் இரண்டு மணிக்கட்டும் வீங்கிவிட்டன.

தெருவில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். “உருளைக்கிழங்கு வாயு, அதான்” என்றார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா, “2006-ல சிக்குன்குனியா வந்துச்சே, அந்த மிச்சம்டீ” என்றார். குழியின் ஈரம் என்றார் இன்னொருவர். எல்லோரும் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மூன்று மாதத்தை வீணாக்கினேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

ரத்தம் பார்த்த டாக்டரம்மா முடக்குவாதம் என்றார். “முள்ளு குத்தினா விரல் செவந்து வீங்குதில்லம்மா? அது உடம்போட காவல்காரன் வேலை. நாலு நாள்ல அடங்கிடும். உங்களுக்கு முள்ளே இல்லாம காவல்காரன் சொந்த வீட்டையே அடிக்கிறான், மாசக்கணக்கா அடங்க மாட்டேங்குறான். அதான் நாள்பட்ட அழற்சி.” அழற்சி ஏறினால் கல்லீரல் சுரக்கும் சிஆர்பி என்ற புரதமும் ரத்தத்தில் ஏறும். என் சீட்டிலும் அது இருக்க வேண்டிய அளவைப் போலப் பல மடங்கு இருந்தது.

வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தவறிக்கூடத் தினமும் போட்டுவிடக் கூடாது, உயிருக்கே ஆபத்து என்று இரண்டு முறை சொன்னார். பிறகு கேட்டார்: “ஒரு வாரம் என்ன சாப்பிடுறீங்கன்னு எழுதிட்டு வர்றீங்களா?”

கூலிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, ஒரு நாளைக்கு ஏழு டீ. விடியலில் ஒன்று, பாவு நீட்டும்போது ஒன்று, தறியில் தூக்கம் தட்டும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஸ்பூனுக்கு 4 கிராம். மொத்தம் 56 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பலகாரம் எதுவும் தொடாமலே நான் தாண்டியிருந்தேன்.

அடுத்த பக்கம் சோறு. மூன்று வேளையும் அரிசிதான். காய் என்பது சாம்பாரில் மிதக்கும் நாலு துண்டு. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒருவர் ஒரு நாளைக்குத் தானியம் 250 கிராம், காய்கறி கீரை 400 கிராம் என்று போட்டிருக்கிறது. எங்கள் வீட்டுக் கணக்கு அப்படியே தலைகீழ்.

அந்த நிறுவனம் பிறந்ததே நம் மண்ணில்தான். 1918-ல் குன்னூரில் ஒரே அறையில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் தொடங்கியது. இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி தின்ற எலிகள் செழித்தன. தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாயின. இவ்வளவு வருடம் கழித்தும், சென்னைவாசிகளை ஆராய்ந்தபோது அவர்களின் கலோரியில் ஏறக்குறைய பாதி தீட்டிய தானியத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது.

சோற்றுக்கும் வீக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? செலவாகாத மாவுச்சத்தும் சர்க்கரையும் வயிற்றில் கொழுப்பாக உட்காருகின்றன. நாளெல்லாம் உட்கார்ந்தே வேலை செய்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அந்தத் தொப்பைக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைக் கிளறும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கீரை, காய், பயறு, கேழ்வரகில் உள்ள நார்ச்சத்தோ குடல் நுண்ணுயிரிகளுக்குத் தீனி. அவை அதைத் தின்று உண்டாக்கும் அமிலங்கள் காவல்காரனின் கோபத்தைத் தணிக்கின்றன.

இதற்கிடையில் இரண்டாவது தப்பையும் செய்தேன். “மாத்திரையெல்லாம் சூடு, மஞ்சள் கேப்ஸ்யூல் போடுங்க” என்று ஒருவர் விற்றார். வாங்கி விழுங்கினேன். அடுத்த ரத்தச் சோதனையில் கல்லீரல் கணக்கு ஏறியிருந்தது. டாக்டரம்மா கேப்ஸ்யூலை நிறுத்தச் சொன்னார், இறங்கியது. மஞ்சளின் மருந்துப்பொருள் குர்குமின். மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் அது ரத்தத்தில் 20 மடங்கு ஏறும் என்று 1998-ல் பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரி ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அதில் கொடுத்தது 2 கிராம் குர்குமின். மஞ்சள் தூளில் அது நூற்றுக்கு 3 பங்குதான். அப்படியானால் சுமார் 67 கிராம் மஞ்சளைத் தின்ன வேண்டும். ரசத்துக்கு ஒரு சிட்டிகை போடுங்கள், ருசிக்கு. நோய்க்கு அது மருந்தாகாது.

வரதராஜர் கோயில் குடலை இட்லியிலும் மிளகு, சீரகம், சுக்கு எல்லாம் உண்டு. மந்தாரை இலை மணத்தோடு சாப்பிட்டால் சொர்க்கம். “மருந்து இட்லி” என்று சொல்லி நாலு துண்டு தின்னும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அடிப்படையில் அதுவும் அரிசியும் உளுந்தும் நெய்யும்தான். பிரசாதத்தைப் பிரசாத அளவில் சாப்பிட்டால் போதும்.

நல்லது என்று சொல்லப்படும் ஆலிவ் எண்ணெயும் அவகாடோவும் எங்கள் கூலிக்குக் கட்டாது. அதனால் இருப்பதைக் கொண்டே மாற்றினோம். டீ இரண்டானது, சர்க்கரை அரை ஸ்பூன். தட்டில் பாதி காய் அல்லது கீரை. தோட்டத்து முருங்கைக்குக் காசு கிடையாது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்கு வரும் துவரம்பருப்பு கெட்டிக் கூட்டானது. லிட்டர் 25 ரூபாய் பாமாயிலில் பொரிப்பது வாரம் ஒருமுறை. தாளிக்க அளந்து ஊற்றும் நல்லெண்ணெய். காலையில் கேழ்வரகுக் கூழ். எனக்கு மட்டும் வாரம் இரண்டு நாள் மத்தி மீன். அதிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு மூட்டுவலியை ஓரளவு குறைப்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். கணவர் சைவம், அவருக்குத் துவையலில் ஆளி விதை. முடக்கத்தான் தோசையும் உண்டு, மருந்தாக அல்ல, கீரை என்ற மரியாதையோடு.

சாயங்காலம் சாலைக் கிணறு வரை நடக்கிறேன். ராமானுஜர் வரதராஜருக்குத் தினமும் அங்கிருந்து தீர்த்தம் சுமந்தார் என்பார்கள். நான் வெறுங்கையோடுதான் போய் வருகிறேன். அதுவே என் மூட்டுக்குப் பெரிய வேலை.

எட்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தேன். காலை இறுக்கம் ஒன்றரை மணியிலிருந்து இருபது நிமிடமானது. சிஆர்பியும் இறங்கியது. மாத்திரை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் தராசு இல்லை. “சாப்பாடு மாத்திரைக்குத் துணை, மாற்று இல்லை” என்கிறார் டாக்டரம்மா. அதை மட்டும் நான் மறப்பதில்லை.

இதைப் படிக்கும் நெசவாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் சொல்வது இதுதான். காலையில் விரல் நெடுநேரம் இறுகி, வீக்கம் அடங்காமல் இருந்தால் தைலத்தையும் தெருவையும் நம்பாமல் மூட்டு மருத்துவரிடம் போங்கள். அரித்துப்போன மூட்டை எந்தச் சாப்பாடும் திருப்பித் தராது. போகும்போது ஒரு நோட்டில் ஏழு நாள் சாப்பாட்டை எழுதிக்கொண்டு போங்கள். டீயையும் விடாமல்.