மருதமுனைத் தறியும் பூலாக்குத் துறையும்

கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் பெருவீதியில் பாண்டிருப்பைக் கடந்தவுடன் எதிர்ப்படுவது மருதமுனை. கிழக்கே கடல்; மேற்கே வயல். மருதம் என்னுஞ் சொல் வயல்சார்ந்த நிலத்தைக் குறித்தலின், ஊர்ப்பெயர் அத்திணையினின்று பிறந்ததென்று கொள்ளத் தோன்றும். மருதமரத்தைக் காட்டி மறுப்பாரும் இருக்கலாம். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனும் மருதூர்க் கொத்தனும் தமிழுலகிற்கு இவ்வூரை அறிவித்தனர். ஆயின், சந்தைக்கு இதனை அறிவித்தது தறியே. ‘மருதமுனைச் சாரன்’ என்றால் இலங்கையில் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

தொழிலூர் என்றவுடன் புகைபோக்கியும் மதிலும் நம் மனக்கண்முன் எழுகின்றன. மருதமுனையில் வீடே ஆலையாயிற்று. கழிகளாக வரும் பருத்தி நூல் சாயமிடப்பட்டு, கஞ்சி ஊட்டப்பெற்று, உலர்ந்தபின் பாவாக நீட்டப்படும். ஒவ்வோர் இழையும் விழுதிலும் அச்சிலும் கோக்கப்படும். பொறுமை இன்றியமையாத பணி இது. ஓரிழை இடம் மாறினும் சாரனின் கட்டம் பிழைத்துவிடும். ஊடைநூல் தாரிற் சுற்றப்பெற்று நாடாவினுட் புகும். கயிற்றை இழுத்தால் நாடா ஓடும் இம்முறை, 1733ஆம் ஆண்டில் ஆங்கிலேயரான ஜோன் கே என்பவர் கண்டது. ஒருவர் கையிற் கயிறும் காலின்கீழ் மிதியும் ஓய்வின்றி இயங்க, நூல் சுற்றுதல் முதலிய பணிகளிற் குடும்பத்தார் பலரும் பங்குகொள்வர். தமிழகத்தில் நெசவு பெரும்பாலும் குலத்தொழில். இங்கோ அது குலம் பற்றியதன்று, ஊர் பற்றியது.

எனினும், இவ்வூர் வயலில் விளைவது நெல், பருத்தியன்று. நூலும் சாயமும் கடல் கடந்து வரவேண்டியவை. ஆகவே நெசவாளனின் வாழ்வு அவன் கைத்திறனோடு துறைமுகத்தின் கதவையும் சார்ந்து நிற்கிறது. அந்நியச் செலாவணி அருகிய 1960களிலும், 1970 முதல் 1977 வரையிலும் பிறநாட்டுத் துணியின் வரவு கட்டுப்படுத்தப்பட்டது. நாடெங்கும் கைத்தறிக்கு அது நற்காலமாயிற்று. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது, விசைத்தறியில் விரைந்து நெய்த மலிவான துணி கடைகளை நிறைத்தது. நாடெங்கும் கைத்தறிகள் பல ஓய்ந்தன. நெசவாளன் முன்னிலுந் திறமை குன்றினானல்லன். விலைதான் அவனை வென்றது.

அரபுநாட்டுப் பெருநகராகிய கெய்ரோவிலும் இதனையொத்த வரலாறொன்று உண்டு. நைல் நதிக்கரையிலுள்ள பூலாக் அந்நகரின் பழைய துறை. எகிப்தை ஆண்ட முகம்மது அலி பாஷா, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே நெசவாலைகளையும் இரும்பு வார்ப்பகத்தையும் அமைத்தார். 1820ஆம் ஆண்டளவில் நிறுவிய பூலாக் அச்சகம் அரபு நூலுலகிற் பெரும் புகழ் பெற்றது. 1838இல் பிரித்தானியருக்கும் உதுமானிய அரசுக்கும் இடையே எழுந்த வணிக உடன்படிக்கை அரச தனியுரிமைகளை நீக்கி, குறைந்த சுங்கத்தோடு அயற்பண்டங்களுக்கு வழிவிட்டது. ஆலைகள் நலிந்தன. உடன்படிக்கை ஒன்றே காரணமென்று கூறுதல் மிகையாகும். எரிபொருள் இல்லாமையால் பொறிகள் பல மாடுகளால் இயக்கப்பட்டன; தொழிலாளர் பலர் வலிந்து சேர்க்கப்பட்டவர். மருதமுனை நெசவாளனை அவ்வாறு எவரும் வலிந்து தறியில் இருத்தவில்லை. பூலாக்கின் நெசவு அரசன் ஆணையால் எழுந்து அதனோடு சாய்ந்தது. மருதமுனையின் நெசவு வீட்டில் வேரூன்றியதாதலின் முற்றாய்ச் சாயவில்லை.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையில் உயிர்களையும் வீடுகளையும் வாரிச் சென்றது. வீடே ஆலையான ஊரில் வீடிழந்தவன் தொழிலையும் இழந்தான். அதன்பின்னும் தறிகள் மீண்டும் நாட்டப்பட்டன. இன்றும் சாரனும் புடைவையும் இங்கே நெய்யப்படுகின்றன. 2022இல் ரூபாயின் மதிப்பு வீழ்ந்தபோது பிறநாட்டுத் துணியின் விலை ஏறியது. கைத்தறிக்கு அது வாய்ப்பென எண்ணலாம். ஆனால் நூலும் சாயமும் அதே கதவின் வழியே வருவன. அவற்றின் விலையும் உடன் ஏறிற்று.