வல்லாரையும் மூளைக் கலங்களும்

மனித உடலின் நிறையில் மூளை ஏறக்குறைய 2 சதவீதமே. ஆயினும், ஓய்ந்திருக்கும் வேளையில் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அதுவே செலவிடுகின்றது. உயிர்க்கு ஆதாரமான அவ்வாயுவே மூளைக்குக் கேடும் விளைக்க வல்லது என்பது விந்தையன்றோ!

கலத்திலுள்ள இழைமணிகளில் உணவு ஒட்சியேற்றப்பட்டுச் சத்தி பிறக்கின்றது. அவ்வேளை ஒட்சிசனின் ஒரு சிறு பகுதி, சோடி சேராத இலத்திரனையுடைய மூலிகமாக மாறுகின்றது. அம்மூலிகம் அயலிலுள்ள மூலக்கூற்றிலிருந்து இலத்திரனைக் கவரும். இழந்த மூலக்கூறு வேறொன்றிலிருந்து கவரும். இத்தொடர் தாக்கத்தால் நரம்புக் கலமென்சவ்வின் நிரம்பாக் கொழுப்பமிலங்கள் சிதைகின்றன. முதுமைக்கு இத்தகைய சேதமே காரணமென 1956இல் டென்ஹாம் ஹார்மன் என்னும் அறிஞர் கருத்துரைத்தார்.

தாவரங்களிலுள்ள சில பொருள்கள் தம் இலத்திரனை ஈந்தும் நிலைகுலையாதிருப்பன. அவை இடைப்படின் தொடர் அறும். இவற்றையே ஒட்சியேற்ற எதிரிகள் என்பர். நினைவாற்றலுக்கு உகந்ததென நம் முன்னோர் போற்றிய வல்லாரையிலும் இவை உள. அதன் சாரம் எலிகளிலும், கண்ணாடிக் கலங்களில் வளர்த்த நரம்புக் கலங்களிலும் ஒட்சியேற்றச் சேதத்தைக் குறைத்தமை ஆய்வுகளிற் கண்டது.

எனினும், கண்ணாடிக் கலத்திற் கண்டது மனிதனிடத்தும் நிகழும் எனக் கொள்ளலாமோ? உண்ட பொருள் குடலில் உறிஞ்சப்படல் வேண்டும். ஈரலில் மாற்றமுறாது தப்புதல் வேண்டும். குருதிக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடையைக் கடத்தலும் வேண்டும். மூளைக்கு நன்றெனப் பெயர்பெற்ற மற்றொரு மூலிகையான கிங்கோ இலையின் சாரம், ஐக்கிய அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலுமுள்ள 3,069 பேரைக் கொண்டு ஏறக்குறைய 6 ஆண்டுகள் சோதிக்கப்பட்டது. அதனை உட்கொண்டோரிடத்து அறிவுத்தேய்வு நோய் குறையவில்லையென 2008இல் முடிவு வெளியாயிற்று.

ஆகவே, வல்லாரையைச் சம்பலாகவும் வறையாகவும் நாம் உண்பது நன்றே. மருத்துவத்துக்கு அதனை மாற்றாகக் கொள்ளுதல் நன்றன்று. முதியோரின் மறதிக்குத் தைரொயிட்டுச் சுரப்பின் குறைவோ, உயிர்ச்சத்து பி12 இன் குறைவோ காரணமாதலுமுண்டு. உரிய காலத்தில் மருத்துவரை நாடின் இவை தீர்க்கத்தக்கன; கீரையை மட்டும் நம்பிக் காலங் கடத்தின், காக்கக்கூடிய கலங்களையும் இழக்க நேரிடும். முன்னோர் தந்த மூலிகையைப் போற்றுவோர், அதனைச் சோதித்தறியவும் தயங்கலாகாது.