ஈரவாடையும் நீர்வண்ணமும்

"இதுல என்ன சார் இருக்கு, டீ கொட்டின பேப்பர் மாதிரி?" திருச்சி தில்லை நகர் சாஸ்திரி ரோட்டு டீக்கடையில் என் போனை எட்டிப் பார்த்த ஸ்ரீரங்கத்து நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். அது மார்க் ராத்கோ 1940-களின் நடுவில் தீட்டிய நீர்வண்ணங்களில் ஒன்று. 1903-இல் இன்றைய லாத்வியாவில் பிறந்த யூதர்; பத்து வயதில் ஊரை விட்டு அமெரிக்கா போனவர். அந்த வருஷங்களில் கிரேக்கப் புராணங்களில் மூழ்கிக் கிடந்தார். ஆனால் படத்தில் தேவனும் இல்லை, வீரனும் இல்லை. செடியா பிராணியா என்று பிடிபடாத சாயல்கள், மேலே மெல்லிய கோடுகள்.

நீர்வண்ணத்தின் குணம் அப்படி. ஈரக் காகிதத்தில் தொட்டு வைத்த நீலம் வைத்த இடத்தில் நிற்காது. ஈரம் இழுத்த பக்கம் ஓடும். வெள்ளை வேண்டுமானால் காகிதத்தைத் தொடாமல் விட வேண்டும். எண்ணெய் வண்ணம் போல மேலே பூசித் தவறை மறைக்கவும் முடியாது. ஊரை இழந்தவர் கைக்கு இதைவிடப் பொருத்தமான வண்ணம் இல்லை என்பது என் கட்சி.

"சரி, உருவமே இல்லாம எப்படி அடையாளம் தெரியும்?"

அதற்கு விடை நண்பரின் ஊரான ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. 1323-இல் டெல்லிப் படை வந்தபோது உற்சவர் அழகிய மணவாளனை எடுத்துக்கொண்டு வைணவ ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் தெற்கே போனார். மதுரைக்கு அருகே அவர் காலம் முடிந்தது. பெருமாளின் அலைச்சல் முடியவில்லை. மேல்கோட்டை, திருமலை, செஞ்சி என்று தங்கி, விஜயநகரத் தளபதி கோபணரின் முயற்சியால் 1371-இல்தான் திரும்பினார். திரும்பியதற்குக் கோயிலில் கல்வெட்டு உண்டு.

48 வருஷம். அதற்குள் கோயிலில் வேறொரு உற்சவர் எழுந்தருளியிருந்தார். எவர் பழையவர் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை. முன்பு பெருமாளின் வஸ்திரங்களை வெளுத்துவந்த ஒரு முதியவரை அழைத்தார்களாம். அவருக்கோ கண் போய்விட்டது. இரண்டு மூர்த்திகளுக்கும் திருமஞ்சனம் நடந்தது. ஈரவாடையை, அதாவது நனைந்த வஸ்திரத்தை, பிழிந்த தீர்த்தத்தை வாங்கிச் சுவைத்தவர், நம்பெருமாள் இவர்தான் என்று சொல்லிவிட்டார். ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்று நூலான கோயிலொழுகு சொல்லும் கதை இது. மாற்றாக வந்த மூர்த்தியையும் ஊர் தள்ளிவிடவில்லை, திருவரங்க மாளிகையார் என்று வைத்துக்கொண்டது.

அந்தப் பெரியவருக்கு மூக்கும் முழியும் தேவைப்படவில்லை. அரூப ஓவியத்தின் முன்னும் 'இது யார்?' என்று தேடாதீர்கள். நிறம் எங்கே கெட்டிப்படுகிறது, எங்கே கரைந்து போகிறது, காகிதம் எங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தலைப்பைக் கடைசியில் படித்தால் போதும்.